வெள்ளி உப்பும் கேபிட்டல் தியேட்டரும்

எழுதி மூன்று மாதம் ஆகிவிட்டது. மார்ச் கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடிட், அது முடிந்ததும் மகளுக்குப் பரீட்சை. வழக்கமான புராணம்தான், விடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை காலை (பஹ்ரைனில் வெள்ளிதான் நமக்கு ஞாயிறு) நாகர்கோவிலில் இருந்து அம்மா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பின்னாலேயே குரல் வந்தது. "மக்களே, ஆச்சி படம் ஒரேயடியா மஞ்சளாப் போச்சுடே. பிள்ளைக்க முகமே தெரிய மாட்டேங்கு."

அது 1952-ல் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆச்சி பக்கத்தில் நிற்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அம்மாவுக்கு மூத்தவள். அம்மா பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அவளைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. அவள் இருந்தாள் என்பதற்கு வீட்டில் இருக்கும் ஒரே அத்தாட்சி இந்த அட்டைதான்.

நாகர்கோவில்காரர்கள் படம் எடுக்க எதற்குத் திருவனந்தபுரம் போனார்கள் என்று இளைய தலைமுறை கேட்கலாம். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். திருவனந்தபுரம்தான் எங்கள் தலைநகர். துணி எடுக்க, வழக்கு நடத்த, பெரிய டாக்டரைப் பார்க்க, படம் பிடிக்க எல்லாவற்றுக்கும் வடக்கேதான் பஸ் ஏறுவார்கள். நானும் வங்கி வேலையில் அங்கே ஆறு வருடம் இருந்தேன்.

படம் ஏன் மஞ்சளாகிறது? காமர்ஸ் படித்தவனுக்கு வேதியியல் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படித்ததில், சாலைக் கடைத்தெருவில் இருந்து தஞ்சாவூர் வரைக்கும் போய் வந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே சரக்கு. வெள்ளி உப்பு.

விரலில் வைத்த மை

அந்தச் சரக்கை நான் கையாலேயே தொட்டிருக்கிறேன் என்பதும் இப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது நான் திருவனந்தபுரம் கிளையில் இருந்தேன். (அந்த நாட்களைப் பற்றித் தனியாகப் பத்துப் பதிவு போடலாம். பி.பி. ஏறும் என்பதால் போடவில்லை.) ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து நோட்டு மாற்றுகிறார் என்று சொல்லி, 15-ம் தேதி ஓர் அறிவிப்பு: மாற்ற வருகிறவர்கள் விரலில் தேர்தல் மை வைக்க வேண்டும். ஓட்டுக்கு இடது கை என்பதால் வங்கிக்கு வலது கை. குட்டிக் குப்பியும் குச்சியும் வந்தன. நானும் பியூனும் மாற்றி மாற்றி மை வைத்தோம். சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் விடிந்து பார்த்தால் என் நாலு விரலும் கருப்பு. தங்கமணி நிதானமாகக் கேட்டாள்: "நீங்க எத்தனை தடவை நோட்டு மாத்தினீங்க?" :-)

அந்த மையில் இருப்பது சில்வர் நைட்ரேட். டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் தயாரிப்பு முறை. 1962 பொதுத்தேர்தலில் இருந்து மைசூரில் உள்ள அரசு பெயின்ட் கம்பெனிதான் காய்ச்சிக் கொடுக்கிறது. அந்தக் கம்பெனியை 1937-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆரம்பித்து வைத்தார். வெளிநாட்டுத் தேர்தல்களுக்கும் அங்கிருந்து மை போகிறது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. நம் தோலில் வியர்வை உப்பு இருக்கிறது. மை அதோடு சேர்ந்ததும் சில்வர் குளோரைடு ஆகிறது. அது தண்ணீரில் கரையாது. வெளிச்சம் பட்டதும் உடைந்து, பொடிப் பொடியான வெள்ளித் துகளாகத் தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கொலுசில் பளபளக்கும் அதே வெள்ளி, மிக நுண்ணிய தூளானால் கண்ணுக்குக் கருப்பாகத்தான் தெரியும். மேல்தோல் உரிந்து புதுத்தோல் வரும்வரை கறை போகாது.

இந்தக் கருப்புதான் விஷயமே. ஆச்சியின் கூந்தல், தாத்தாவின் மீசை, அந்தக் குழந்தையின் கண் எல்லாம் அட்டையில் ஒட்டிக்கொண்ட வெள்ளித் தூள்.

திராவகத்தில் கரைந்த வெள்ளி

வெள்ளியை உப்பாக்குவது பழைய வித்தை. வெடியுப்புத் திராவகம், அதாவது நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைப் போட்டால் புகை கிளம்பும், வெள்ளி காணாமல் போகும். தங்கம் மட்டும் கரையாமல் அடியில் நிற்கும். பொன்னையும் வெள்ளியையும் பிரிக்க ஆசாரிமார் இதைத்தான் செய்தார்கள். தெளிந்த நீரைச் சுண்டக் காய்ச்சி ஆறவிட்டால் வெள்ளைப் படிகம் கிடைக்கும். அதுதான் சில்வர் நைட்ரேட். வங்கிக்காரன் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். 100 கிராம் வெள்ளியைக் கரைத்தால் சுமார் 157 கிராம் உப்பு. உப்பின் எடையில் ஏறக்குறைய 63 சதவீதம் சுத்த வெள்ளி. தண்ணீரில் தாராளமாகக் கரையும். 100 மில்லி தண்ணீர் 200 கிராமுக்கு மேல் வாங்கிக்கொள்ளும்.

இதை வெளிச்சம் புகாத பழுப்பு நிறக் குப்பியில் வைப்பார்கள். உண்மையில் பரிசுத்தமான படிகம் வெயிலைக் கண்டு சட்டென்று கறுப்பதில்லை. தூசியோ தோலோ காகிதமோ, ஏதாவது உயிர்ப்பொருள் தொட்டால்தான் கறுக்கிறது. 1614-லேயே ஆஞ்செலோ சாலா என்பவர் இந்த உப்பு வெயிலில் கறுப்பதை எழுதி வைத்தார். நூறு வருடம் கழித்து ஜெர்மனியில் யோஹான் ஹைன்ரிஷ் ஷுல்ட்ஸே, கறுக்க வைப்பது சூடு இல்லை, வெளிச்சம் என்று நிரூபித்தார். எழுத்து வெட்டிய காகிதத்தைக் குப்பியில் சுற்றி வெயிலில் வைத்தார். காகிதத்தை எடுத்தபோது உள்ளே இருந்த கலவையில் எழுத்துகள் கருப்பாகத் தெரிந்தன. குலுக்கினார், அழிந்துவிட்டன. வெளிச்சம் எழுதியதை நிறுத்தி வைக்கும் வழி அன்று யாருக்கும் தெரியாது.

மற்ற உபயோகங்களும் உண்டு. மருவைச் சுட்டு எடுக்க டாக்டர்கள் இதைக் குச்சியாக வார்த்து வைத்திருந்தார்கள். லைப்சிக் நகரத்து டாக்டர் கார்ல் கிரெடே 1880 வாக்கில், பிறந்த குழந்தையின் கண்ணில் இதன் நீர்த்த கரைசலை ஒரு சொட்டு விட்டார். பிரசவத்தில் தாயிடம் இருந்து தொற்றிக் குருடாக்கும் கண்நோய் பத்தில் ஒரு குழந்தைக்கு வந்துகொண்டிருந்தது, நூற்றில் ஒன்றுக்கும் கீழே போனது. அம்மோனியாவும் சர்க்கரையும் சேர்த்தால் கண்ணாடிக்கு ரசம் பூசலாம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு விடுவார்களே, பால் போலத் திரியுமே, அதுவும் இதுதான்.

போட்டோவுக்கு வருவோம். சில்வர் நைட்ரேட்டைப் பொட்டாசியம் புரோமைடோடு ஜெலட்டினில் கலந்தால் சில்வர் புரோமைடு உண்டாகும். அதைக் கண்ணாடியிலோ ஃபிலிமிலோ காகிதத்திலோ பூசுவார்கள். ஜெலட்டின் முறையை 1871-ல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் வெளியிட்டார். கண்சிமிட்டும் நேரம் வெளிச்சம் பட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத தடம் விழுந்துவிடும். டெவலப்பரில் போட்டால் தடம் விழுந்த இடமெல்லாம் வெள்ளியாகிக் கறுக்கும். வெளிச்சம் படாத உப்பு அப்படியே இருக்கும். அதையும் விட்டுவைத்தால் பின்னால் அதுவும் கறுத்துப் படமே இருண்டுவிடும். அதைக் கரைத்து எடுக்கும் மருந்துதான் ஹைப்போ. 1819-ல் ஜான் ஹெர்ஷல் அதன் குணத்தைக் கண்டார். போட்டோ பிறந்த 1839-ல் அது கைகொடுத்தது.

ஹைப்போ வேலை முடிந்ததும் அதையும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரிலும் திருவிதாங்கூரிலும்

இந்த உப்பு நம் ஊருக்கு வரத் தாமதிக்கவே இல்லை. சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் சுற்றி வந்தார். வெள்ளி உப்பு ஏற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். நம் வெயிலில் அதைக் கெடாமல் பார்த்துக்கொள்வதே ஒரு தவம். தஞ்சைப் பெரிய கோயில் அடிமானத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். ராஜராஜன் கல்லில் வெட்டியதை இவர் வெள்ளியில் எழுதிக்கொண்டார் என்று வையுங்கள்.

திருவிதாங்கூரில் ஸக்கரியாஸ் டிக்ரூஸ் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்தார். 1900 வாக்கிலான திருவனந்தபுரத்துக் கட்டடங்களும் தெருக்களும் இன்று நமக்குத் தெரிகின்றன என்றால் அவர் புண்ணியம். அவருடைய படங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அரசாங்கம் எடுத்தது அரசாங்கத்தின் அலமாரியில் பிழைத்தது. தனி ஆள் எடுத்தது என்ன ஆயிற்று?

பட்டத்தில் ஒரு ஸ்டூடியோ

எங்கள் மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியல். நாடார் கிறிஸ்தவக் குடும்பம். களரி, வாள்வீச்சு இவற்றில் பைத்தியம். அதை உலகத்துக்குக் காட்டச் சினிமாவே வழி என்று முடிவு செய்து, நிலத்தை விற்று, 1926-ல் திருவனந்தபுரம் பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்று ஸ்டூடியோ போட்டார். எடுத்த படம் 'விகதகுமாரன்'. தொலைந்துபோன மகன் என்று அர்த்தம். திருவிதாங்கூர்ப் பணக்காரர் ஒருவரின் பிள்ளையை வில்லன் கடத்தி இலங்கைக்குக் கொண்டு போய்விடுகிறான், பல வருடம் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, கதாநாயகன் எல்லாம் டேனியலே.

கதாநாயகி பி.கே. ரோஸி. புல் அறுத்துப் பிழைத்த தலித் பெண், நாடகத்தில் நடித்தவர். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம்.

ஸ்டாச்சு பக்கம் இருந்த கேபிட்டல் தியேட்டரில் படம் வெளியானது. 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பின்னால் கிடைத்த ஆவணங்களை வைத்து 1930 அக்டோபர் 23 என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிரபல வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை தொடங்கி வைத்தார். ரோஸியை அந்தக் காட்சிக்கு வர விடவில்லை. ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வருவதைப் பொறுக்காமல் கூட்டம் கல்லெறிந்தது, திரை கிழிந்தது. ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் ஊரைவிட்டு ஓடினார். ஒரு லாரியில் ஏறித் தெற்கே வந்தார், அந்த லாரி டிரைவரையே கல்யாணம் செய்துகொண்டார், நாகர்கோவிலில் வேறு பெயரோடு தமிழ்ப் பெண்ணாக வாழ்ந்து முடித்தார். பிறகு நடிக்கவே இல்லை. என் ஆச்சி சந்தைக்குப் போன அதே தெருக்களில் அவரும் காய்கறி வாங்கியிருக்க வேண்டும். யாருக்குத் தெரியும்?

டேனியல் கடனில் மூழ்கினார். ஸ்டூடியோவை விற்றார். பல் வைத்தியம் படித்துப் பிழைப்பைப் பார்த்தார். (சொத்தைப் பல்லில் சில்வர் நைட்ரேட் தடவுவது அந்தக் காலத்து வைத்தியம். வெள்ளி உப்பு இருக்கும் தொழிலில் இருந்து இன்னொன்றுக்கு!) கடைசிக் காலத்தில் வறுமையோடு அகஸ்தீஸ்வரத்தில் இருந்தார். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அவரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதினார், கேரள அரசிடம் உதவிக்காகப் போராடினார். நீங்கள் இருப்பது தமிழ்நாட்டில், அங்கே கேளுங்கள் என்ற ரீதியில்தான் பதில் வந்தது. அவர் திருவிதாங்கூரில் பிறந்தவர், திருவிதாங்கூர் தலைநகரில் படம் எடுத்தவர். நடுவில் எல்லைக்கோட்டை மாற்றி வரைந்தால் மனிதன் என்ன செய்வான்? வெளியூரில் பிழைக்கும் நமக்கு அந்த வலி கொஞ்சம் புரியும். 1975 ஏப்ரல் 27-ல் இறந்தார். 1992-ல் கேரள அரசு அவர் பெயரிலேயே சினிமாவுக்கான உயரிய விருதை ஏற்படுத்தியது. 2013-ல் அவர் கதை 'செல்லுலாயிட்' என்று பிருத்விராஜ் நடித்த படமாக வந்தது.

சரி, விகதகுமாரன் பிரதி? அக்காலத்து ஃபிலிமே செல்லுலோஸ் நைட்ரேட். பஞ்சை அதே நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது, வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. தீப்பிடித்தால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். 1950-களின் தொடக்கத்தில்தான் அதைச் செய்வதை நிறுத்தினார்கள். வீட்டில் கிடந்த சுருளைச் சின்னப் பையனாக இருந்தபோது விளையாட்டாக எரித்துப் பார்த்ததாக டேனியலின் மகன் ஒருவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பார்க்க ஆளில்லாத படம் ஒரு குழந்தைக்கு மத்தாப்புதான்.

அதோடு ரோஸியின் முகமும் போனது. ஓடிய அத்தனை சட்டங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. 2023 பிப்ரவரி 10-ல் கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்து மரியாதை செய்தது. நல்ல விஷயம். ஆனால் அது ஓவியர் நினைத்துப் பார்த்த முகம்.

பூட்டி வைத்ததால் பிழைத்தது

இப்போது வருவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வங்கிக்காரர்களும் வக்கீல்களும் சந்தோஷப்பட வேண்டிய பகுதி.

டேனியலின் உறவினர், நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ். டேனியல் சூடு பட்டதைப் பார்த்த பிறகும் இவரும் படம் எடுத்தார். சி.வி. ராமன்பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மார்த்தாண்ட வர்மா' நாவல்தான் கதை. பி.வி. ராவ் இயக்கம். சித்திரைத் திருநாள் மகாராஜாவின் நிஜமான ஊர்வலக் காட்சியும் அதில் உண்டு. 1933-ல் அதே கேபிட்டல் தியேட்டரில் வெளியானது.

வெளியான கையோடு வில்லங்கம். நாவலின் உரிமை கமலாலயா புக் டிப்போ என்ற பதிப்பகத்திடம் இருந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். படம் நிறுத்தப்பட்டது, பிரதி பறிமுதல். சுந்தர்ராஜுக்குப் பெரும் நஷ்டம், அவரும் சினிமாவை விட்டுப் போனார்.

பறிமுதல் செய்த பிரதி புத்தகக் கடைக்காரர்கள் வசம் நாற்பது வருடம் கிடந்தது. யாரும் ஓட்டவில்லை, எனவே தேயவில்லை. யாரும் விற்கவில்லை, எரிக்கவில்லை. 1974-ல் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் இன்று கையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்கிறார்கள் தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த தமிழர்களின் முதல் மௌனப்படம் 'கீசக வதம்'கூட இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரே தியேட்டர், ஒரே குடும்பம், ஒரே வெள்ளி உப்பு. சொந்தக்காரர் கையில் இருந்தது சாம்பல். எதிராளி பூட்டி வைத்தது சொத்து. அடமான நகை பத்திரமாக இருப்பது லாக்கரால் மட்டும் இல்லை. இன்ன பொருள், இன்ன எடை, இன்னார் வசம் என்று ஒரு பதிவேட்டில் எழுதியிருப்பதாலும்தான்.

எடைக்குப் போனவை

பூட்டாதவை எரிந்துதான் போயின என்று இல்லை, எடைக்கும் போயின. நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது அல்லவா? இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா' (1931). அதைத் தேடி ஆவணக் காப்பகத்தின் பி.கே. நாயர், தயாரிப்பாளர் அர்தேஷிர் இரானியிடம் போனார். கஷ்டகாலத்தில் ஃபிலிமில் இருந்து வெள்ளியைப் பிரித்து விற்றுவிட்டதாகத் தெரிய வந்தது என்று நாயர் சொல்லியிருக்கிறார். நகைக்கடன் மேஜையில் நான் பார்க்காததா? தாலிச் சங்கிலியின் கதை தராசுக்குத் தெரியாது, கிராம்தான் தெரியும்.

அந்த நாயரும் திருவனந்தபுரத்துக்காரர், 1933-ல் பிறந்தவர். மார்த்தாண்ட வர்மா வெளியான அதே வருடம்! 1964-ல் தொடங்கிய காப்பகத்தைத் தன் வாழ்நாள் வேலையாக வளர்த்தார். நாடு முழுக்க அலைந்து, குப்பையில் கிடந்த சுருள்களைப் பொறுக்கி எடுத்து வந்தார். 2016 மார்ச் 4-ல் புணேயில் காலமானார். அவர் பட்ட பாட்டுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2003 ஜனவரியில் புணே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு எரிந்து நிறையப் போய்விட்டது.

ஆச்சி படம்

திருவனந்தபுரத்தில் என் கிளையின் பழைய வாடிக்கையாளர் ஓர் அண்ணாச்சி. நாற்பது வருடம் டார்க் ரூமில் நின்றவர். அம்மா அனுப்பிய படத்தை அவருக்குத் தள்ளிவிட்டேன். அரை நிமிடத்தில் போன் வந்தது.

"தம்பி, இது கழுவுன லட்சணம். ஹைப்போவ ஒழுங்காப் போக்கல. அன்னைக்கு சாலையில தண்ணி வந்துச்சோ இல்லியோ, அவசரத்துல முக்கி எடுத்துக் கொடுத்திருக்கான்."

அட்டைக்குள் தங்கிவிட்ட ஹைப்போவில் கந்தகம் இருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் அது மெல்ல மெல்ல வெள்ளியைத் தின்று சில்வர் சல்ஃபைடு ஆக்கும். கருப்பு மஞ்சளாகும். முதலில் போவது மெல்லிய சாயைகள். கருத்த மீசையும் பட்டுச்சேலைக் கரையும் தாங்கும். குழந்தையின் வெளுத்த முகம் தாங்காது. எழுபது வருடம் முன்னால் யாரோ மிச்சம் பிடித்த பத்து நிமிடத் தண்ணீர், இப்போது வந்து கணக்குத் தீர்க்கிறது.

இதற்குள் என் மகள் அந்தப் படத்தை ஏதோ ஒரு ஏ.ஐ. செயலியில் போட்டுவிட்டாள். சில நொடியில் கலர் கலராக வந்தது. பெரிய கண், குழி விழுந்த கன்னம், ரோஸ் கவுன். சந்தோஷமாக அம்மாவுக்கு அனுப்பினோம். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்லாத்தான் இருக்கு மக்களே. ஆனா இது யாருக்க பிள்ளை?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அட்டையில் மங்கிக் கிடப்பது 1952-ல் அந்தக் குழந்தையின் முகத்தில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம். செயலி கொடுத்தது ஊர் பேர் தெரியாத ஆயிரம் குழந்தைகளின் சராசரி.

அண்ணாச்சிதான் வழி சொன்னார். அம்மா தம்பி மூலமாக அட்டையைத் திருவனந்தபுரத்துக்குக் கொடுத்தனுப்பினாள். கலரில், உயர்ந்த அளவில் ஸ்கேன் செய்து, அதில் நீலத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார். மஞ்சள் நீலத்தை விழுங்கும் என்பதால், நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் மஞ்சள் தடம், நீலத்தில் பார்த்தால் கருப்பாக எழும். புதிதாக ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. மூக்கின் ஓரம் தெரிந்தது. நெற்றியில் மை வட்டம் தெரிந்தது. வாய் திறந்திருக்கிறது, கேமராவைப் பார்த்து பயமோ என்னவோ. ஒரு கண் இன்னும் இல்லை. இல்லாமலே இருக்கட்டும் என்றாள் அம்மா.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மக்களே, வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் ஒருநாள் ஒதுக்குங்கள். பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பத்தில் படம் இருந்தால், உரியாமல் வருகிறதா பார்த்து மெதுவாக எடுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம், அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். கருப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் விஷப் பரீட்சை வேண்டவே வேண்டாம். நெகட்டிவ் கிடைத்தால் அதுதான் மூலப் பத்திரம், தூக்கிப் போடாதீர்கள். பிரதியை இரண்டு ஊரில், இரண்டு பேரிடம் வையுங்கள். படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள்.

நானும் ஒரு பதிவேடு போட்டிருக்கிறேன். வரிசை எண், யார் யார், எங்கே, எந்த வருடம், இப்போது யார் வசம். முதல் வரி ஆச்சி படம். எழுத உட்கார்ந்தபோதுதான் குழந்தையின் பெயர் எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. அம்மாவைக் கேட்டேன்.

"பேரா? ஆச்சி பாப்பா, பாப்பான்னுதான் சொல்லுவா. நானும் கேக்கல்ல மக்களே. கேட்டா அழுவான்னு கேக்கல்ல."

அட்டையின் பின்னால் அம்மாவே பென்சிலால் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்: 'பாப்பா. 3 வயது. சாலை, திருவனந்தபுரம். 1952.'